கூரை நீரும் சருகும்: சாலைக் கடைத்தெருவின் பழைய கவலை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவின் சரித்திரத்தை எழுத முற்படுவோர் பெரும்பாலும் மன்னர்களின் பட்டாபிஷேகத்திலிருந்தோ, திவான்களின் சாதனையிலிருந்தோ, காந்தளூர்ச் சாலையைக் குறிக்கும் சாசனங்களிலிருந்தோ தொடங்குவது வழக்கம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், ஆண்டில் இருமுறை பெருமழை பெறும் ஓர் ஊரில், அரிசியையும் வற்றல் மிளகாயையும் புளியையும் வெல்லத்தையும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்து ஜீவனம் செய்யும் ஒரு வாணிகத் தெருவுக்கு, தலைக்கு மேலே விழுகின்ற நீர் எந்த வழியாக இறங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்பதைவிடப் பெரிய கவலை அதிகம் இருந்திருக்க முடியாது. அந்த நீரோடு கூடவே வருகின்ற சருகையும் தும்பையும் எங்கே தடுத்து நிறுத்துவது, தடுத்ததை யார் எடுத்து எறிவது என்னும் சிறிய கேள்விக்கு இத்தெருவின் மனிதர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்திருக்கும் விடைகளைத் தொடர்ந்து பார்த்தால், வீடு கட்டும் கலையும் வாணிபமும் நகர நிர்வாகமும் அங்கங்கே மாறிய இடங்கள் யாவும் தெளிவாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

இடவ மாதத்தின் பாதியில், அதாவது நம் வைகாசியின் நடுவில், தென்மேற்குக் காற்றோடு வருகின்ற இடவப்பாதி மழையும், ஐப்பசியில் மாலை நேரத்து இடியோடு வருகின்ற துலாவர்ஷமும் சேர்ந்து, திருவனந்தபுரத்துக்குச் சராசரி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழையைத் தருகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் விரிகின்ற திருநெல்வேலிச் சமவெளியில் இதில் பாதியளவுகூடப் பெய்வதில்லை. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் நீர்; ஆகவே ஐம்பது சதுர மீட்டர்க் கூரையுடைய ஒரு சாதாரணக் கடை, ஓராண்டில் தொண்ணூறாயிரம் லிட்டர் ஜலத்தைத் தன் தலையில் ஏந்தி, எவருடைய சரக்கையும் நனைக்காமல் கீழே இறக்கிவிட வேண்டிய பொறுப்புடையது. வறண்ட சீமையிலிருந்து கணவாய் வழியாக வந்து இங்கே கடை விரித்த தமிழ் வணிகர்கள் தராசையும் படிக்கல்லையும் பற்றுவரவுக் கணக்கையும் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். கூரையைப் பற்றிய அறிவை மட்டும் அவர்கள் இந்த மண்ணிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சாலைக் கடைத்தெருவை ஏற்படுத்தியவர் ராஜா கேசவதாஸ் என்று திருவிதாங்கூர்ச் சரித்திரம் சொல்கிறது. தர்மராஜா என்று புகழப்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சிக் காலம் 1758 முதல் 1798 வரை. அவரிடம் 1789இல் திவான் பதவியேற்ற கேசவதாஸ், ஆலப்புழையைத் துறைமுகமாக உயர்த்தியது போலவே, இராஜதானிக்கு வேண்டிய பண்டங்கள் ஓரிடத்தில் வந்து குவிவதற்காகக் கிழக்கே கோட்டை வாயிலிலிருந்து கிள்ளியாற்றின் திசை நோக்கி இந்தத் தெருவை அமைத்தார். கரமனையாறும் கிள்ளியாறும் குறுக்கிட்ட வழியில் பாலங்கள் கட்டப்பட்டதும், நாஞ்சில் நாட்டு நெல்லும், தோவாளைப் பூவும், பாண்டி நாட்டுப் பருத்தியும் மிளகாயும் வண்டிகளில் ஏறி நேரே கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தன. தெருவின் கிழக்குக் கோடியில் உள்ள வலியசாலையில் இன்றும் காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் தொண்ணூற்றைந்து மாணவர்க்காக ஒரு சாலையை நிறுவியபோது, காந்தளூர் முறைமையையே அதற்கு மாதிரியாகக் கொண்டான் என்பது சாசன வாயிலாக நாம் அறிவது. வித்தைக்குப் பேர்போன இடத்தை அடுத்து வாணிபம் வளர்ந்தது என்ற அளவில் இதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

தொடக்க காலத்துக் கடைகளும் வீடுகளும் பெரும்பாலும் ஓலைக் கூரையுடையவை. ஓடு வேய்வது அந்நாளில் விருப்பத்தையும் பணத்தையும் மட்டும் பொறுத்த காரியமாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட சாதியார் ஓட்டு வீடும் மாடி வீடும் கட்டக் கூடாது என்ற கொடிய தடை திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தது. திருவனந்தபுரத்தில் ஊழியம் புரிந்த சாமுவேல் மட்டீர் என்ற பாதிரியார் 1871இலும் 1883இலும் வெளியிட்ட நூல்களில், இந்நாட்டு ஜனங்கள் அனுபவித்த இத்தகைய இழிவுகள் விஸ்தாரமாகப் பதிவாகியிருக்கின்றன. மழை எல்லார் தலையிலும் ஒன்றாகவே பெய்தது. அதைத் தடுக்கும் பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மட்டும் எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. கூரையின் சரித்திரத்தைப் பேசுபவன் இதைச் சொல்லாமல் கடந்து போவது தர்மமன்று.

ஓலைக் கூரைக்கு வாய்க்கால் கிடையாது, வேண்டியதும் இல்லை. முடைந்த கிடுகுகளின் மேல் விழுந்த நீர், இறவாரத்தின் முழு நீளத்திலும் ஆயிரம் சொட்டுகளாகப் பிரிந்து மண்ணில் இறங்கிவிடும். மேலே விழுந்த இலை மேலேயே கிடந்து மக்கி, ஆண்டுக்கு ஒருமுறை கூரை மாற்றும்போது பழைய கிடுகோடு அகன்றுபோகும். நீரையும் சருகையும் ஒரே வழியில் செலுத்தும்போதுதான் அடைப்பு என்ற தொல்லையே தோன்றுகிறது. ஓலைக் கூரையில் வழி என்று தனியாக ஒன்று இல்லாமையால் அடைவதற்கும் ஒன்றும் இல்லை.

வழி என்று ஒன்று முதன்முதலில் ஏற்பட்டது நடுமுற்றம் வைத்த வீடுகளில்தான். மலையாள நாட்டு நாலுகட்டு வீட்டிலும், கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ்ப் பிராமணர்கள் அடுத்தடுத்துக் கட்டிய அக்கிரகார வீடுகளிலும், கூரைகள் உள்நோக்கிச் சாய்ந்து, நாற்புறத்து மழையையும் வீட்டின் நடுவிலேயே கொண்டுவந்து கொட்டின. திருமங்கலத்து நீலகண்டன் இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகை போன்ற சிற்ப நூல்கள் முற்றத்தின் அளவையும் வீட்டின் அளவையும் ஒன்றோடொன்று பிணைத்துச் சொல்வதற்குச் சாஸ்திரக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கார்காலத்தில் அம்முற்றத்தருகே நின்று பார்த்தவர்க்கு வேறொரு காரணமும் விளங்கும். முற்றம் சிறுத்தால் நீர் பொங்கித் திண்ணையேறும். பெருத்தால் சாரல் உள்ளே அடிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்ற அளவு, பல தலைமுறைத் தச்சர்கள் மழையைப் பார்த்துப் பார்த்துக் கண்ட அளவு.

முற்றத்தில் விழுந்த நீர், கல் பாவிய தரையின் ஒரு மூலைக்குச் சரிந்து, சுவருக்கடியில் ஓடும் ஓவு வழியாகக் கொல்லைக்கோ தெருவோரத்து ஜலதாரைக்கோ போயிற்று. அந்த ஓவின் வாய்தான் இந்தக் கட்டுரையின் முதல் கதாநாயகன். துளையிட்ட கற்பலகையையோ இரும்புக் கம்பி அழியையோ அங்கே பதித்து, நீரை மட்டும் உள்ளே விட்டு, மாவிலையையும் பூவிதழையும் சோற்றுப் பருக்கையையும் வெளியே நிறுத்தினார்கள். பெருச்சாளி ஏறி வராமல் காத்ததும் அதுவே. பதநீர் வடிப்பதற்குத் தென்னையின் பன்னாடையையும் பனையின் சல்லடையையும் கைக்கொண்டிருந்த நாட்டில் வடிகட்டி என்ற கருத்து எவருக்கும் புதிதன்று. மாணாக்கரின் தரத்தைப் பிரிக்கும் நன்னூல், நல்லதைப் போகவிட்டுக் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நெய்யரியைக் கடைத்தர மாணாக்கனுக்கு உவமையாக்கிற்று. பாடம் கேட்பவனுக்கு ஆகாத அந்தக் குணம்தான் ஓவின் வாய்க்கு ஆகிவந்த குணம். ஆயினும் நெய்யரியும் கசடு நிரம்பிவிட்டால் நெய்யைக்கூடப் போகவிடாது.

அது நிரம்பாமல் பார்த்துக்கொண்டது யார் என்பதே முக்கியமான கேள்வி. ஓவின் வாய் காலடியில் இருந்தது. கோலமிடக் குனிகின்ற பெண்ணின் கண்ணில் அது நாள்தோறும் பட்டது. காலையில் முற்றம் பெருக்கும்போது அங்கே சேர்ந்த சருகை விரலால் வழித்து எடுத்து எறிவது, தனியாகச் சொல்லப்பட வேண்டாத வீட்டுவேலைகளில் ஒன்றாக இருந்தது. மழை வலுத்து நீர் வட்டமிட்டுத் தேங்கினால், தேங்கிய அந்தக் கணத்திலேயே எவரேனும் முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி அதை நீக்கிவிடுவார். நாம் பழைய கட்டடங்களின் அழகைப் புகழும்போது தச்சனையும் கல்தச்சனையும் நினைக்கிறோம்; அந்தக் கட்டடங்கள் நூறு மழைக்காலம் தாங்கியதற்கு, விளக்குமாறு பிடித்த கைகளே பாதிக்கு மேல் காரணம் என்பதை எந்தச் சிற்ப நூலும் எழுதிவைக்கவில்லை.

அரண்மனைகள் இதே விஷயத்தை வேறு விதமாகத் தீர்த்தன. பத்மதீர்த்தக் குளத்தை ஒட்டி சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுவித்த குதிரைமாளிகையில், வெளியே நீண்டு தொங்கும் இறவாரத்தைச் சுமந்துகொண்டு 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. வருவோர் அவற்றின் சிற்ப நுட்பத்தைக் கண்டு வியக்கிறார்கள், வியக்கத்தக்கதே. ஆனால் அந்த இறவாரத்தின் உத்தேசம், கூரைநீரைச் சுவருக்கு வெகு தூரத்துக்கு அப்பால் எறிந்துவிடுவது. சுற்றிலும் நிலம் உடையவன் நீரைப் பிடித்துக் கட்டவேண்டிய அவசியம் இல்லை. தூக்கி எறிந்தால் போதும்.

சாலைத் தெருவில் எறிவதற்கு இடம் இல்லை. ஒரு கடையின் சுவரே அடுத்த கடைக்கும் சுவர். முன்னால் தெரு, பின்னால் கிடங்கு, கிடங்கின் பின்னால் வேறொருவரின் கிடங்கு. சபாபதி கோயில் தெரு, கொத்துவால் தெரு போன்ற கிளைத் தெருக்களில் எதிரெதிர்க் கூரைகளின் நடுவே வானம் ஒரு கீற்றாகத் தெரியும். இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கின்ற கூடுவாயில், இருபுறத்து நீரும் ஒன்றாகச் சேர்ந்து பாய்வதால், அங்கே நீண்ட வாய்க்கால் ஒன்றைப் பதித்தாக வேண்டும். முன்னாளில் குடைந்த மரத்தாலும், வசதியுள்ளோர் செம்புத் தகட்டாலும் அதைச் செய்தார்கள். இவ்வூரில் அதற்குப் பாத்தி என்று பெயர். பாத்தி அடைத்துக்கொண்டால் நீர் திரும்பி ஓட்டின் அடியில் ஏறி உத்திரத்தை நனைத்து, உத்திரத்தின் கீழே இருக்கும் மிளகாய் மூட்டையில் சொட்டும். ஈரம் பட்ட மிளகாய் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், புளி இளகும், வெல்லம் கசிந்து சாக்கை ஒட்டும். இவற்றில் எதுவும் வாடிக்கைக்காரரிடம் விலை போகாது. கூடுவாய் இருவருக்குப் பொது என்பதால் அதைச் சுத்தம் செய்வது யார் முறை என்ற தர்க்கம் எழுவதும் சகஜம்.

இந்த நிலையில்தான் வெளியிலிருந்து இரண்டு புதுப் பொருள்கள் வந்து மலையாளக் கரையின் கூரைகளை மாற்றிவிட்டன. ஒன்று, பாஸல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் 1865இல் மங்களூரில் நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண்ணைக் கொண்டு தொடங்கிய தொழிற்சாலையில் பிறந்த சீமை ஓடு. ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் பள்ளத்தில் பொருந்தி உட்காரும் இந்த ஓடு, கையால் வனைந்த நாட்டு ஓட்டைவிட இலேசானது, சீரானது. மங்களூரிலிருந்து தெற்கே பரவிய தொழிற்சாலைகளால் கடலோரம் முழுவதிலும் எளிதாகக் கிடைக்கலாயிற்று. மற்றொன்று நாகம் பூசிய இரும்புத் தகடு. நெளித்த இரும்புத் தகட்டுக்கு 1829இல் லண்டனில் ஹென்றி பாமர் காப்புரிமை பெற்றார். இரும்புக்கு நாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறைக்கு 1837இல் பிரான்ஸில் ஸோரெல் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்த சரக்கு கப்பலேறி உலகமெங்கும் பரவியபோது, மரத்தைக் குடையவும் செம்பை வாங்கவும் இயலாத கடைக்காரரும் வீட்டுக்காரரும் தகரத்தை வளைத்து இறவாரத்தில் தொங்கவிட முடிந்தது. எவரும் ஓடு வேயலாம் என்ற நிலை வந்த பிறகு, அந்த ஓட்டின் ஓரத்தில் பாத்தியும் எல்லார் வீட்டிலும் ஏறிற்று.

இதனால் விளைந்த சௌகரியம் பெரிது: வாசலில் நிற்பவர் தலையில் நீர் கொட்டவில்லை, மண்சுவர் அடியில் கரையவில்லை, கடை முகப்பு மழையிலும் திறந்திருந்தது. ஆனால் இதுகாறும் எவரும் அதிகமாகக் கவனிக்காத ஒரு மாற்றமும் அதோடு நிகழ்ந்தது. சருகு தடைபடும் இடம் காலடியிலிருந்து தலைக்கு மேலே போய்விட்டது. முற்றத்து ஓவைத் தினமும் கண்டவர் பாத்தியை ஆண்டில் ஒருமுறை ஏணி வைத்தால்தான் கண்டார். அடைப்பு உண்டாயிற்று என்பதை அறிவித்ததும் கண் அன்று. சுவரில் இறங்கும் ஈரமே அதை அறிவித்தது, அதுவும் காரியம் மிஞ்சிய பின்பு.

ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறை ஏறுவது ஒரு நியமமாக அமைந்தது. சித்திரை வெயில் தணிந்து, மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கும் முன்பாக, ஓடு மாற்றும் ஆட்களை அழைத்து, உடைந்ததை எடுத்துப் புதியதைச் செருகி, பாசி சுரண்டி, பாத்தியில் கிடப்பதை வாரிக் கூடையில் இறக்குவார்கள். அங்கே கிடப்பது இலை மட்டுமன்று. ஓட்டின் மேல் உதிர்ந்த மண்துகள், காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பும் கம்பித் துண்டும், கிடங்குப் புறாக்களின் எச்சமும் இறகும், சாக்கு நூல், வைக்கோல், அதில் முளைத்த அரசங்கன்று ஒன்று. அரசங்கன்றைப் பிடுங்கத் தவறியவன் மூன்றாம் ஆண்டில் சுவரைப் பிரித்துக் கட்டவேண்டிவரும். ஐப்பசிக்கு முன் மற்றொரு முறை ஏறுபவரே எச்சரிக்கையுள்ளவர். ஏனெனில் இடவப்பாதி முழுவதையும் நன்றாகத் தாங்கிய பாத்தி, ஆடி ஆவணிக் காற்றில் நிறைந்து, துலாவர்ஷத்தின் முதல் நாளிலேயே தோற்றுப்போகும்.

கம்பிவலை இந்த நியமத்துக்குத் துணையாக வந்தது. கோழிக்கூட்டுக்கு வாங்கிய கம்பிவலையின் மிச்சத்தைச் சுருட்டிப் பாத்திக்குள் திணிப்பதும், இறக்குக் குழாயின் வாயில் கம்பியைப் பந்தாக வளைத்துச் செருகுவதும், எவரும் கற்பிக்காமல் வீட்டுக்கு வீடு தோன்றிய உபாயங்கள். பின்னர் காங்கிரீட் தளங்கள் எழுந்தபோது பாத்தியே கொஞ்ச காலம் மறைந்தது. தளத்தின் மூலையில் ஒரு தூம்புவாய், அதன்மேல் குமிழ் போன்ற ஓர் இரும்பு மூடி, அவ்வளவுதான். ஆனால் இந்த மழையில் தட்டையான தளம் ஒழுகாமல் இருப்பது துர்லபம். சென்ற சில பத்தாண்டுகளில் கேரளத்தில் காங்கிரீட் தளத்தின் மேலேயே இரும்புச் சட்டம் நாட்டித் தகட்டுக் கூரை வேயும் வழக்கம் ஊரெங்கும் பரவிற்று. தகடு வந்ததும், இம்முறை பிளாஸ்டிக்கில், பாத்தி திரும்பி வந்தது.

வலைக்கு ஒரு கௌரவத்தைத் தந்தவை இரண்டு சம்பவங்கள். முதலாவது மழைநீர்ச் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003இல் அது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாயிற்று. கேரளம் 2004இல் தன் கட்டட விதிகளில் அதைச் சேர்த்தது. கூரைநீரைக் கழித்துவிட வேண்டிய பொருளாக மட்டும் கருதியவரை பாத்தியில் இலை மக்கினால் என்ன என்று இருந்துவிடலாம். அதே நீரைத் தொட்டியில் சேர்த்துக் குடிக்க எண்ணும்போது, முதல் மழையைக் கழித்துவிடுவதும், இலையை வாயிலேயே தடுப்பதும், பிறகு ஜல்லி, மணல், கரி என்று அடுக்கி வடிகட்டுவதும் ஆரோக்கியத்தைச் சேர்ந்த கடமைகளாகிவிடுகின்றன. இரண்டாவது 2006, 2007 ஆண்டுகளில் கேரளத்தை வாட்டிய சிக்குன்குனியா காய்ச்சல். தெளிந்த சிறு நீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுவுக்கு, சருகு அணைகட்டித் தேக்கிய பாத்தியைவிட வசதியான தொட்டில் வேறில்லை. வாரம் ஒருநாள் நீர் தேங்கும் இடங்களை உலர்த்தும்படி சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வேண்டியபோது, பூந்தொட்டியும் டயரும் சிரட்டையும் காட்டப்பட்ட அதே பட்டியலில் கூரைப் பாத்தியும் இடம்பெற்றது.

இப்போது விற்கப்படும் வலைகள் பலவகை: துளையிட்ட அலுமினியத் தகடு, துருப்பிடிக்காத எஃகின் நுண்வலை, பிளாஸ்டிக் சல்லடை, பாத்திக்குள்ளேயே படுக்கவைக்கும் நீண்ட தூரிகை. விளம்பரங்கள் இவற்றை ஒருமுறை பொருத்தினால் மறந்துவிடலாம் என்கின்றன. இந்த ஊரின் மரங்களை அறிந்தவர்க்கு அது சாத்தியமாகத் தோன்றாது. பலாவிலையும் மாவிலையும் எந்த வலையிலும் நிற்கும். காற்று அவற்றை எடுத்துக்கொண்டும் போகும். தொல்லை தருவது தென்னை. பாளை வெடித்த பிறகு நாள்தோறும் உதிர்கின்ற அரிசி போன்ற பூக்கள், பெரிய கண்ணுடைய வலையில் புகுந்து உள்ளே கட்டியாகும். சிறு கண்ணுடைய வலையிலோ கண்ணுக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டு, மழை நனைத்துவிட்டால் மாவு அப்பியதுபோல இறுகிவிடும். புளியிலையும் முருங்கையிலையும் குல்மோகர் இலையும் இதே இனம். ஓட்டிலிருந்து கழன்ற பாசி இவற்றுக்கெல்லாம் பசை.

மற்றொரு குற்றம் மழையின் வேகத்தால் வருவது. நுண்வலையின் மேல் கடுமழை நீர் விழும்போது, அது ஒரு மெல்லிய படலமாக வலையின் மேலேயே வழுக்கிப் பாத்தியைத் தாண்டித் தெருவில் கொட்டிவிடும். இதைத் தவிர்க்க, வலையைக் கூரையின் சரிவை விடக் குறைந்த சாய்வில் அமைத்து, நீரின் வேகம் தணிய இடம் கொடுக்க வேண்டும். சீமை ஓட்டில் அதன் உள்விளிம்பைக் கடைசி ஓட்டின் அடியில் செருக வேண்டும். ஓட்டின் நெளிவுக்கும் வலையின் நேர்விளிம்புக்கும் நடுவே எலியும் அணிலும் நுழையும் சந்து இல்லாதபடி மடிக்கவும் வேண்டும். இரும்பு ஆணி பட்ட அலுமினியத் தகடு கடற்காற்றில் அரித்துப்போகும் என்பதையும் மறக்கக் கூடாது. கடல் இங்கிருந்து வெகுதூரம் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் பாத்தியில் உலர்ந்து கிடக்கும் சருகு, காட்டுத்தீயின் பறக்கும் பொறி பட்டு வீட்டையே எரித்துவிடுகிறது. அங்கே வலை வைப்பது நெருப்புக்கு அஞ்சி, எனவே எரியாத உலோகமாகப் பார்த்து வைக்கிறார்கள். நாம் நீருக்கு அஞ்சுகிறோம். ஒரே வலை இரண்டு தேசங்களில் இரண்டு பூதங்களுக்குக் காவல் நிற்கிறது.

வலை வேண்டாம் என்பது என் வாதமன்று. அது பாத்திக்குள் சேர்வதை மேலே நிறுத்துகிறது. வாரி எடுக்கும் வேலையைத் துடைத்துவிடும் வேலையாக இலேசாக்குகிறது. ஏணியில் ஏறும் கூலியாளின் அபாயத்தைக் குறைக்கிறது. ஏறாமலே இருக்கலாம் என்று நம்பி வாங்கியவர் வீட்டில்தான் அது மழைக்கு மூடிய கதவாகிறது.

கூரையில் தப்பிய சருகு தெருவில் என்ன ஆகிறது என்று பார்க்காமல் இந்த விஷயம் முடியாது. சாலையில் ஒவ்வொரு நாளும் வாழையிலை, காய்கறித் தோல், வைக்கோல், சாக்கு, பூமார்க்கெட்டின் வாடிய மாலை இவற்றோடு, சென்ற இரண்டு தலைமுறையில் நெகிழிப் பையும் சேர்ந்துகொண்டது. இதே தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவன், கடைத்தெருவின் மனிதர்களையும், புனலும் மணலும் என்ற நாவலில் ஆற்றுமணல் வாரிப் பிழைப்பவர்களையும் தமிழுக்கு அளித்தார். பண்டம் போகும் வழியும் தண்ணீர் போகும் வழியும் இத்தெருவில் எவ்வளவு நெருக்கமானவை என்பதை அவர் கதைகளைப் படித்தோர் உணர்ந்திருப்பர். பழைய திறந்த ஜலதாரைகளின் மேல் பிற்காலத்தில் கற்பலகைகள் மூடப்பட்டன. நடப்பவர்க்கு வசதி, கடைக்காரர்க்கு இரண்டடி இடம் அதிகம், நாற்றமும் குறைந்தது. ஆனால் காலடியிலிருந்து தலைக்கு மேலே போன அதே தடை, இப்போது பூமிக்கு அடியில் போயிற்று. அங்கே அதைப் பார்ப்பதற்கு எந்தக் கண்ணும் இல்லை.

ஒரு மணி நேர மழைக்கே தம்பானூரும் கிழக்கே கோட்டையும் இடுப்பளவு நீரில் நின்ற ஆண்டுகள் அதனால் வந்தவை. 2015இல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் ஜில்லா நிர்வாகம் மூடிக்கிடந்த வடிகால்களைத் தோண்டித் திறந்தபோது, நீர்வழிகள் கட்டடங்களுக்கு அடியில் குறுகிப்போயிருந்ததும், சேறும் குப்பையும் அவற்றைத் தூர்த்திருந்ததும் ஜனங்கள் கண்முன் வெளிப்பட்டன. அதன்பின் ஒன்பது ஆண்டு கழித்து, 2024 ஜூலை 13ஆம் தேதி காலையில், தம்பானூர் இரயில் நிலையத்துக்கு அடியில் சுரங்கமாக ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், திடீரென்று பெருகிய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மலைபோல் குவிந்திருந்த நெகிழிக் கழிவின் ஊடே தீயணைப்புப் படையினரும் முக்குளிப்பவரும் தேடியும், 15ஆம் தேதி காலையில்தான், தகரப்பறம்பு அருகே, அவருடைய உடல் கிடைத்தது. தன் வாசலில் ஒருவர் குனிந்து எடுத்திருக்க வேண்டிய தும்பை, இருட்டில் இறங்கி எடுக்கும்படி மற்றொரு மனிதரை அனுப்புகிறோம். அவர் திரும்பி வரவில்லை. இதை எந்த நகரமும் தாங்கிக்கொள்ளலாகாது.

ஆகவே நான் வேண்டுவது, சாலையில் கூரைநீர் இறங்கும் ஒவ்வொரு குழாயின் அடியிலும், வடிகாலில் சேர்வதற்கு முன், முழங்கை ஆழத்தில் ஒரு சிறு தொட்டி. அதன்மேல் கடைக்காரர் ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய கம்பி அழி ஒன்று. அந்த அழி கடையின் படிக்கு முன்னால், பூட்டைத் திறப்பவரின் கண்ணில் படும் இடத்தில். மூடிய வடிகாலின் பலகைகளில் பத்தடிக்கு ஒன்றேனும் கல்லுக்குப் பதில் அழியாக இருக்கட்டும். இடவப்பாதிக்கும் துலாவர்ஷத்துக்கும் முன்பாக மாநகராட்சி இந்த அழிகளைப் பரிசோதித்து, நிறைந்து கிடப்பவற்றுக்குரிய கடைக்காரர்க்கு அறிவிப்புத் தரட்டும். வீட்டுக்கு வீடு நெகிழி சேகரிக்க வருகின்ற ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் நெகிழி போகட்டும். இலையும் தோலும் தனியே உரத்துக்குப் போகட்டும். அரியசாலை முதல் கிள்ளிப்பாலம் வரை இதை முதலில் செய்துபார்க்கலாம். பழைய கடைகள் நெருங்கி நிற்பதும், மிளகாயும் புளியும் வெல்லமும் இன்னும் அடுக்கப்படுவதும் அங்கேதான்.